மாரடிக்காத வீடு

என் கொழுந்தன் சரூப் சிங்கை இன்று எங்கள் பஞ்சாபின் சோஹான் ஆற்றின் இரண்டு கரையிலும் பாபா என்கிறார்கள். கல்யாணத்தை ஒரே காலையில், குருவின் கிரந்தத்தை நாலு சுற்று சுற்றி வந்து முடித்துவிடலாம் என்று சொன்னவன் அவன். பெண் குழந்தையைக் கொன்ற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றவன். தோல் தைப்பவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே பந்தியில் சாப்பிட்டவன். ஊருக்கு அவர் பாபா, எனக்கு அவன் சரூப். அதனால் அவன் என்றே சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனையும் செய்தவனுடைய முதல் பிரசங்கம் எது தெரியுமா? என் வயிறு.

அவன் அண்ணன் அத்தர் சிங் என் புருஷன். உப்பு மூட்டைகளோடு பெஷாவர் போனவர், காய்ச்சலோடு திரும்பி வந்து கட்டிலில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. நான் அப்போது ஐந்து மாதம். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் பெண்கள் வட்டமாக நின்று மாரடிக்க வேண்டும். நாவிதர் வீட்டுப் பெண் நடுவில் நின்று ஒப்பாரி எடுப்பாள். அவள் வரிக்கு வரி நம் கை நெற்றியில், மாரில், தொடையில் மாறி மாறி விழ வேண்டும். தாளம் தப்பினால் நிறுத்தித் திட்டுவாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வட்டத்தின் தலைமாட்டில் நிற்க வேண்டும், கர்ப்பமாவது கிர்ப்பமாவது. தினமும் மத்தியானம் அடித்தேன். ஒருநாள் நின்ற இடத்திலேயே எல்லாம் போய்விட்டது.

சரூப்புக்கு அப்போது மீசை அரும்பும் வயது. கடையிலிருந்து சாப்பிட வந்தவன் முற்றத்து மண்ணில் ரத்தத்தைப் பார்த்தான். துடைப்பத்தை எடுத்து அத்தனை பெண்களையும் தெருவுக்கு விரட்டினான், பெற்ற தாயைக்கூட விடவில்லை. என் வளையலை உடைக்க வந்தவர்களையும் அவன்தான் தடுத்தான். அதற்கு நான் அவனுக்குக் கடமைப்பட்டவள். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

பிறகு அவன் ஊர் ஊராகப் பேசப் போனான். சாவு வீட்டில் மாரடிக்காதே, ஒப்பாரி வைக்காதே, வாய்விட்டு அழாதே. குருவின் பாட்டைப் பாடு, கடா பிரசாதம் என்று கோதுமை அல்வா கொடு, எழுந்து வேலையைப் பார். இதுதான் சட்டம். "என் அண்ணி" என்று அவன் ஆரம்பித்தால் போதும், கூட்டத்துப் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள். நானும் உடன் போயிருந்தால் அத்தனை கண்ணும் என் வயிற்றில் வந்து நிற்கும். ஒரு தடவை வண்டியில் திரும்பும்போது கேட்டே விட்டேன்.

"ஏன் சரூப், உனக்கு வேற கதையே கிடைக்கலையா?"

"இதைவிட உண்மையான கதை எங்க இருக்கு அண்ணி?"

"உண்மைதான். ஆனா அது என்னோடது. தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சிரித்தான். அவனுக்கு நான் கேலி பேசுவதாக நினைப்பு. அண்ணி என்றால் கொழுந்தனைச் சீண்டத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டான்.

அவன் பேச்சால் எத்தனையோ வீடு பிழைத்தது. கல்யாணக் கடனில் முழுகியவர்கள் நிமிர்ந்தார்கள், தொட்டிலில் பெண் குழந்தைகள் நிலைத்தன. எங்கள் சாதிக்காரர்கள் மட்டும் எங்களைத் தள்ளிவைத்தார்கள். அவர்கள் தலைவர் மாயா தாஸ் எங்கள் பின்வீட்டுக்காரர். அவர் வீட்டு மாடியில் நின்றால் எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும். கொள்வினை கொடுப்பினை போயிற்று, நல்லது கெட்டதுக்கு வருவது போயிற்று, ஆனால் அந்த மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பது மட்டும் போகவில்லை.

போன வருஷம் கோதுமைக் கதிர் முற்றும் நேரத்தில் ஊரில் அம்மை போட்டது. எங்கள் நிஹாலையும் கொண்டுபோயிற்று.

நிஹால் சரூப்பின் ஒரே மகன். ஒன்பது வயதுகூட நிறையவில்லை. அவன் அம்மா வீராவாலி என் ஓரகத்தி, என்னை அக்கா என்பாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பையனைக் குளிப்பாட்டி, ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது சரூப்பின் சபைக்காரர்கள் குருவின் பாட்டைப் பாடினார்கள். மாடியில் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். பாபா வீட்டுச் சாவில் பாபா சட்டம் நிற்குமா என்று பார்க்க வந்த கூட்டம் அது. வீராவாலி வாசற்படியில் நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"கல்லுடி அவ மனசு," என்று மாடியிலிருந்து ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

"கல்லா இருந்தா உன் தலையில போட்டிருப்பேன்டி," என்று நானும் அண்ணாந்து சொன்னேன். சரூப் திரும்பி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு அவளைப் பார்த்துச் சபையே மெச்சியது. தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். சரூப்பும் வந்த துக்கத்தை விழுங்கிக்கொண்டு, யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்த கல்யாணத்தை நடத்திவைக்க மறுநாளே பக்கத்து ஊருக்குக் கிளம்பிப் போனான். வீட்டில் நானும் அவளும் இருந்தோம்.

அவள் தினமும் மத்தியானம் ஒரு ரொட்டி கூடுதலாகத் தட்டுவாள். அதில் நெய் தடவி வெல்லத்தை உதிர்த்துப் போட்டுச் சுருட்டுவாள். நிஹால் அப்படித்தான் சாப்பிடுவான். சுருட்டிய ரொட்டியை நிலைப்படி ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் எடுத்து மாட்டுக்குப் போடுவாள். தான் சாப்பிடுவதில்லை. "பசிக்கல அக்கா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன். அவள் வயிற்றில் கைவைத்து வெகுநேரம் இருந்தாள். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"புள்ள அசைவு கொறஞ்சு போச்சு. இவ இப்படியே வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா ரெண்டு உசுரும் தங்காது. அழ வைங்கம்மா அவள. எப்படியாவது அழ வைங்க."

சரூப் திரும்பி வந்ததும் சொன்னேன். அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"அவ தைரியமா இருக்கா அண்ணி. நீங்க கலைக்காதீங்க."

"அது தைரியமா? கண்ணத் தொறந்து பாருடா. பொண்டாட்டிய நிமிர்ந்து பார்த்து எத்தன நாளாச்சு உனக்கு?"

"நான் என்ன செய்யணும்ங்கறீங்க?"

"அழுன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் அழுவா. நீ போட்ட பூட்டு அது."

அவன் துண்டால் காலைத் துடைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "எத்தனை தாய்மார்கிட்ட அழாதேன்னு சொல்லியிருக்கேன் அண்ணி. அவங்களும் பெத்தவங்கதானே? என் வீடுன்னா மட்டும் வேற சட்டமா? மாயா தாஸ் அதுக்குத்தான காத்திருக்கார்? இன்னைக்கு இங்க ஒரு குரல் எழுந்தா, நாளைக்கு ஊர் முழுக்கப் பழையபடி மாரடிப்பாங்க. அதுல உங்கள மாதிரி இன்னொருத்தி..."

"என் வயித்த இழுக்காத சரூப். இப்ப பேச்சு அவ வயித்தப் பத்தி."

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவளிடம் போகவில்லை. காலையில் எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பால் பானையை அப்படியே கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. துப்பட்டாவைப் போர்த்துக்கொண்டு நாவிதர் தெருவுக்கு நடந்தேன்.

பானோவின் வீட்டு வாசலை நான் மிதித்ததே இல்லை. என் புருஷன் சாவில் நடுவில் நின்று ஒப்பாரி எடுத்தவள் அவள்தான். அவள் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் நான். இன்று அவள் தலை நரைத்து, கட்டிலில் உட்கார்ந்து பேத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, பாபா வீட்டு அம்மா! வழி தவறி வந்துட்டீங்களா? உங்க கொழுந்தன் என் வாயில மண்ணப் போட்டு எவ்வளவோ காலமாச்சு. இப்ப யாரு செத்தாலும் இந்த ஊர்ல பாட்டுல்ல பாடுறாங்க."

"ஒரு ஒப்பாரி எடுக்கணும் பானோ. எங்க வீட்ல."

அவள் கை நின்றுவிட்டது. பேத்தியை உள்ளே அனுப்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாரடிக்கக் கூடாது, வாயால் மட்டும் என்றேன்.

"கை இல்லாத ஒப்பாரியா? உப்பில்லாத பருப்பு. யாருக்கு எறங்கும்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "தாளம் தப்புறியேடின்னு அன்னைக்கு உங்களத் திட்டினது நான்தான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு," என்றாள். "சரி, பையனப் பத்திச் சொல்லுங்க. ஆளத் தெரியாம எப்படி எடுக்கறது? என்ன திம்பான்? எதுக்கு அடம் புடிப்பான்?"

வெல்ல ரொட்டியைச் சொன்னேன். வைசாகித் திருவிழாவுக்குச் சிவப்பு நூல் பின்னிய செருப்பு வேண்டும் என்று தரையில் புரண்டதைச் சொன்னேன். செருப்பு தைத்து வந்தது, திருவிழா வருவதற்குள் அவன் போய்விட்டான். இரும்புப் பெட்டிக்கடியில் அது அப்படியே இருக்கிறது. சொல்லி முடிக்கும்வரை பானோ அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் கூப்பிட்டிருந்த சபைப் பெண்கள் சிலர் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பயந்துகொண்டேதான் வந்தார்கள். முற்றத்தின் நடுவில் கட்டில் போட்டு வீராவாலியை உட்காரவைத்தேன். பானோவைப் பார்த்ததும் அவள் மிரண்டு போனாள்.

"வேணாம் அக்கா. அவர் தலை குனியும்."

"குனியட்டும். கழுத்து இருக்கிறது எதுக்கு?"

அவள் இரண்டு கையையும் என் துப்பட்டா முனையால் சேர்த்துக் கட்டி மடியில் வைத்தேன். ஆவேசத்தில் வயிற்றில் அடித்துக்கொண்டுவிடக் கூடாது. பானோ ஆரம்பித்தாள். வயதானாலும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. பெண்கள் சும்மா நின்றார்கள். கையடி இல்லாமல் குரல் முற்றத்தில் தனியாக அலைந்தது. வீராவாலி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பானோ என்னைப் பார்த்தாள். நான் சொன்னேனே என்கிற பார்வை.

நான் வட்டத்தின் தலைமாட்டுக்குப் போனேன். நெற்றியில், மாரில், தொடையில். கை மறக்கவே இல்லை, பாழாய்ப்போன கை. தாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை. பானோ குரலை உயர்த்தினாள்.

"பெட்டிக்கடியில் செருப்பிருக்கு, பின்னல் நூலும் சிவந்திருக்கு, போட்டு நடக்கக் காலெங்கே, என் ராசா, புழுதி படாமப் போனதெங்கே!"

வீராவாலியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரசவத்தில் வருமே, அந்தச் சத்தம். பிறகு அவள் நிஹால், நிஹால் என்று கூவி அழ ஆரம்பித்தாள். உடம்பு முழுக்க ஆடியது. ஒருத்தி பின்னாலிருந்து அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். எப்போது என்று தெரியவில்லை, நிஹாலுக்காக அடித்த கை என் பிள்ளைக்காக அடிக்க ஆரம்பித்திருந்தது. பெயர்கூட வைக்காத பிள்ளை. அதற்கு யாரும் ஒரு வரி பாடியதில்லை. நான் புருஷனுக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது, அதற்கென்று அழ எனக்கு ஒரு மத்தியானம்கூடக் கிடைக்கவில்லை. அன்றுதான் கிடைத்தது.

நிமிர்ந்து பார்த்தபோது வட்டம் பெரிதாகியிருந்தது. பின்வீட்டு மாடி காலியாக இருந்தது. கல் மனசு என்று சொன்னவள் என் பக்கத்தில் நின்று தன் பிள்ளை பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மை அவள் வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

அப்போது சரூப் வந்தான். யாரோ ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பின்னால் சந்தில் ஆண்கள் கூட்டம், முன்னால் மாயா தாஸ்.

"என்ன பாபா, உங்க வீட்ல கல்யாணமா?" என்று மாயா தாஸ் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

சரூப் வாசலில் நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். முற்றத்து மண்ணைத் தேடித் தேடிப் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத்தான் தெரியும்.

"ஒண்ணும் ஆகல சரூப். அவ கையக் கட்டியிருக்கேன். அடிச்சது நான்தான்," என்றேன்.

அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான். அன்று சாயங்காலம் நிலைப்படியில் இருந்த ரொட்டியை வீராவாலியே எடுத்துச் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், மிச்சம் வைக்கவில்லை. அடுத்த சில நாளில் வயிற்றுப் பிள்ளை உதைக்க ஆரம்பித்துவிட்டது என்று மருத்துவச்சி சொன்னாள். சரூப் மட்டும் சபை கூடும் தர்மசாலையிலேயே தங்கிக்கொண்டான்.

மாசப் பிறப்பன்று சபை கூடியது. இடம் கொள்ளாத கூட்டம், வேடிக்கை பார்க்க மாயா தாஸும் தெருவில் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் சரூப் எழுந்தான். குரல் கம்மியிருந்தது.

"என் வீட்ல சட்டம் மீறியாச்சு. மீறினது யாரு?"

அவனுக்குத் தெரியாதா? நான் எழுந்தேன். "நான்தான். வேற யாரையும் கேக்க வேண்டாம்."

வழக்கப்படி ஐந்து பேர் உட்கார்ந்து பேசினார்கள். மறு மாசப் பிறப்பு வரைக்கும் சபைக்கு வருகிறவர்களின் செருப்பை நான் துடைக்க வேண்டும் என்றார்கள். எங்களில் தப்புக்குத் தண்டனை அதுதான், ராஜாவானாலும் அதுதான். ஒத்துக்கொண்டேன். ஆனால் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். நீ ஊர் ஊரா என் வயித்துக் கதையச் சொல்ற. அந்தப் புள்ளைக்காக நான் என்னைக்கு அழுதேன்னு உனக்குத் தெரியுமா சரூப்? போன வாரம்தான் அழுதேன். அதுவரைக்கும் இடமில்ல. அடிக்கறத நிறுத்தின, உனக்குப் புண்ணியம். ஆனா அந்த வட்டத்துல அடி மட்டுமா இருந்துச்சு? ஒரு பொம்பள அழறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் சேத்து எடுத்துட்ட. இனிமே அவ எங்க போய் அழணும்? அதச் சொல்லு, நான் செருப்புத் துடைக்கப் போறேன்."

சரூப்பின் தலை குனிந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

வாசலில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு செருப்பாக எடுத்துத் துப்பட்டா முனையால் துடைத்தேன். உள்ளே பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் யாரோ உட்கார்வது தெரிந்தது. சரூப்தான். அவனும் ஒரு செருப்பை எடுத்தான். ஆனைக்கால் அளவுச் செருப்பு ஒன்று, தேய்ந்துபோன ஒன்று, சாணி ஒட்டியது ஒன்று. எல்லாவற்றையும் தாடியில் ஒற்றித் துடைத்தான்.

பிறகு அவன் கையில் ஒரு குழந்தைச் செருப்பு வந்தது. யார் வீட்டுப் பிள்ளையுடையதோ. நிஹாலின் அளவு. துடைத்தான். கீழே வைக்காமல் மறுபடியும் துடைத்தான். அதன் அடியில் ஒட்டியிருந்த புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி," என்றான். "இதுல புழுதி இருக்கு அண்ணி."

அவ்வளவுதான். அப்புறம் அவன் அழுதான். பாபா சரூப் சிங், தர்மசாலை வாசலில், ஊர் பார்க்க, தொண்டை கிழிய அழுதான். வெளியே வந்தவர்கள் செருப்பை எடுக்காமல் அப்படி அப்படியே நின்றார்கள். தெருவில் மாயா தாஸ் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். என் தைரியம் எல்லாம் எங்கே போயிற்றோ, நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சரூப், எந்திரிடா. எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வா."

"விடுங்கக்கா," என்று வீராவாலியின் குரல் கேட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு படி இறங்கி வந்தாள்.

சரூப் அவளைப் பார்த்தான். அவனுடைய வலது கை உயர்ந்து மாரில் ஓங்கி விழுந்தது. மறுபடி உயர்ந்தது. அவள் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டத் துப்பட்டா தேவைப்படவில்லை.

"அடிச்சுக்காதீங்க," என்றாள். "அழுங்க."

வெளியே நின்ற ஒரு தாய், பிள்ளையைச் செருப்பில்லாமலே இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது பாபா ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அந்த இரண்டு வார்த்தையைத்தான். அடித்துக்கொள்ளாதே, அழு. கேட்கிறவர்கள் பாபாவின் கருணை என்று கை கூப்புகிறார்கள். அதை யார் சொன்னது என்று மட்டும் அவன் சொல்வதில்லை. என் வயிற்றுக் கதையை இன்னும் விடவும் இல்லை.